பல் கட்டப் போகும் பெரியவர்களைக் கதைக்க விடுங்கள்

நம் ஊர்களில் பல வீடுகளில் மேசை லாச்சிக்குள் ஒரு பல் செட் கிடக்கிறது. லேஞ்சித் துண்டில் சுற்றி, மருந்துத் துண்டுகளோடும் பழைய மூக்குக் கண்ணாடியோடும் கிடக்கும். கல்யாண வீட்டுக்கும் படம் பிடிப்பதற்கும் மட்டும் வெளியே வரும். ஏன் போடுவதில்லை என்று கேட்டால் “வாய்க்குச் சரிவரல்ல”, “போட்டா கதைக்க ஏலா” என்பார்கள். வயது போனால் அப்படித்தான் என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

அப்படி விட்டுவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு. கட்டுப்பல் போட்டால் கதைக்க முடியவில்லை என்பதற்குப் பல சமயங்களில் வயது காரணமில்லை. பல்லின் உயரம்தான் காரணம். அந்த உயரம் சரியா பிழையா என்று பார்க்கும் வழிகளில் முக்கியமான ஒன்று, பல் கட்டுகிறவரைக் கதைக்கச் சொல்லிப் பார்ப்பது. அந்தக் கதை அவருக்குப் பழகிய மொழியில் நடக்க வேண்டும். எங்கள் மூத்தம்மாவுக்கு இரண்டு தடவை பல் கட்டியதில் நாங்கள் கற்றுக்கொண்டது இதுதான்.

மூத்தம்மா நாற்பது வருடங்களுக்கு மேலாக வீட்டு விறாந்தையில் பெண் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வருகிறவர். எங்கள் உம்மாவும் சாச்சிமாரும் அவரிடம் ஓதியவர்கள், நாங்களும் அவரிடம் ஓதியவர்கள். ஓர் எழுத்துப் பிசகினால் குசினிக்குள் இருந்தபடியே திருத்துவார். வெத்திலை பழகிய வாய் என்பதால் முரசு தளர்ந்து பற்கள் ஒவ்வொன்றாகப் போயின. எழுபத்தொரு வயதில் கடைசிப் பல்லும் போனது.

பல் இல்லாத வாயில் முதலில் கெடுவது சாப்பாடு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். மூத்தம்மா சோற்றைக் குழைத்துச் சமாளித்துக்கொண்டார். ஓதல்தான் சமாளிக்க முடியாமல் போனது. ‘ஸீன்’ சொன்னால் ‘ஷீன்’ போலக் கேட்டது. ‘ஃபே’ சொல்ல மேற்பல் வேண்டும். அது இல்லாததால் இரண்டு உதடும் சேர்ந்து காற்றுத்தான் போனது. பிள்ளைகள் கேட்டதையே திருப்பிச் சொல்வார்கள் என்பது ஓதிக் கொடுக்கிறவருக்குத் தெரியும். ஆகவே பெரிய பிள்ளை ஒருத்தியை ஓதச் சொல்லிவிட்டு, தான் பக்கத்தில் இருந்து தலையை மட்டும் ஆட்டத் தொடங்கினார்.

முதல் பல் செட்டை வெளியூரில் ஓர் இடத்தில் கட்டினோம். இரண்டு தடவை போனதோடு பல் கைக்கு வந்துவிட்டது. வாயில் அச்சு எடுத்தார்கள், கடிக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஒரு சொல் சொல்லுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் முகமே மாறியிருந்தது. முகத்தின் கீழ்ப்பாதி நீண்டு, உதடுகள் இழுபட்டு, வாய் எந்நேரமும் கொஞ்சம் திறந்தபடி இருந்தது. கதைக்கும்போதெல்லாம் மேல் பல்லும் கீழ் பல்லும் அடிபட்டு ‘டக் டக்’ என்று சத்தம். மூன்றாம் நாள் ஓத வந்த சின்னப் பிள்ளை ஒன்று, “மூத்தம்மா, உங்கட வாய்க்குள்ள என்ன சத்தம்?” என்று கேட்டுவிட்டது. பிள்ளை பகிடிக்குக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டது. அன்று மாலை அந்தப் பல் லாச்சிக்குள் போனது.

இரண்டு வருடங்களுக்குப் பிறகு அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன்னர், இந்த உயரம் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

பல் இருக்கிற ஒருவர் வாயை மூடிக் கடித்தால், மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்பதைப் பற்களே தீர்மானிக்கின்றன. எல்லாப் பல்லும் போன பிறகு அந்த அளவைச் சொல்ல வாயில் ஒன்றும் மிச்சமில்லை. புதுப் பல் கட்டுகிறவர் அதை மறுபடி கண்டுபிடிக்க வேண்டும். அளவு கூடினால் மூத்தம்மாவின் முதல் செட்டைப் போல ஆகும்: பல் அடிபடும், உதடு மூடாது, முரசு நோகும், தாடை களைத்துப் போகும். குறைந்தால் நாடி மூக்கை நோக்கி ஏறி முகம் சுருங்கும், கடைவாய் ஓரத்தில் எச்சில் ஊறிப் புண் வரும். கூடுவதற்கும் குறைவதற்கும் நடுவில் இருப்பது சில மில்லிமீற்றர் மட்டுமே.

பல் வைத்தியர்கள் வழக்கமாகச் செய்வது இது. மூக்கு நுனியில் ஒரு புள்ளி, நாடியில் ஒரு புள்ளி போடுவார்கள். ஆளைத் தளர்வாக நிமிர்ந்து இருக்கச் சொல்லி, தாடை ஓய்வில் இருக்கும்போது இரண்டு புள்ளிக்கும் இடையிலான தூரத்தை அளப்பார்கள். நாம் சும்மா இருக்கும்போது நமது மேல் பல்லும் கீழ் பல்லும் தொடுவதில்லை. இப்போதே உங்கள் வாயைக் கவனித்துப் பாருங்கள்: உதடு மூடியிருக்கும், பல் தொடாமல் இருக்கும். அந்த இடைவெளி பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீற்றர். ஆகவே ஓய்வு அளவிலிருந்து அவ்வளவைக் கழித்தால், கடிக்கும்போது இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும்.

கேட்க இலகுவாக இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரிக் கதிரையில் இருக்கிற வயதானவருக்கு ஓய்வு எங்கே? பயம் இருக்கும், கழுத்து விறைக்கும், தலை சாயும். தலை சாய்ந்தாலே அளவு மாறிவிடும். “ரிலாக்ஸ் பண்ணுங்க” என்று சொன்னால் இன்னும் இறுகுகிறவர்கள்தான் கூட. அதனால்தான் வைத்தியர்கள் ‘ம்’ சொல்லச் சொல்கிறார்கள். ‘ம்ம்ம்’ என்று நீட்டிவிட்டு நிறுத்தினால் உதடுகள் மெல்லத் தொட்டிருக்கும், தாடை ஓய்வுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆங்கிலம் பேசும் நாடுகளில் ‘எம்மா’ என்ற பெண் பெயரைச் சொல்லச் சொல்வது வழக்கம். நமக்கு அந்தப் பெயர் தேவையில்லை. சிங்களத்திலும் தமிழிலும் ‘அம்மா’ இருக்கிறது, நம் வீடுகளில் ‘உம்மா’ இருக்கிறது. இரண்டு உதடும் சிரமமில்லாமல் சேர்ந்து பிரிகிற சொல். மூத்தம்மாவின் முதல் செட்டில் இந்தச் சொல்லே சிரமப்பட்டது. உதட்டை இழுத்துப் பிடித்துத்தான் ‘உம்மா’ சொன்னார். அந்த ஒரு சொல்லைக் கட்டிக்கொடுத்தவர் கேட்டிருந்தால், உயரம் கூடிவிட்டது என்று அங்கேயே தெரிந்திருக்கும்.

அடுத்த சோதனை ‘ஸ்’. கதைக்கும்போது மேல் பல்லும் கீழ் பல்லும் ஆகக் கிட்ட வருவது இந்த ஒலியில்தான். கீழ்த் தாடை கொஞ்சம் முன்னுக்கு வந்து மேலே எழும்பும், கீழ் முன்பல்லின் விளிம்பு மேல் முன்பல்லின் விளிம்பை நெருங்கும், ஆனால் தொடாது. அந்தச் சிறிய வெளியால் காற்றுச் சீறுவதுதான் ‘ஸ்’. பலருக்கு அந்த வெளி ஒரு மில்லிமீற்றர் அளவில் இருக்கும், நெருப்புக் குச்சியின் தடிப்பில் பாதி போல. கீழ்த் தாடை பின்தள்ளி அமைந்தவர்களுக்கு அது கூடலாம்.

அமெரிக்கப் பல் வைத்தியர் மேயர் சில்வர்மன் 1953 இல் இதை ஓர் அளவு முறையாக எழுதினார். பல் இருக்கும்போதே, பல்லைக் கடித்த நிலையில் கீழ் முன்பல்லில் பென்சிலால் ஒரு கோடு. பிறகு ஆங்கிலத்தில் ‘யெஸ்’ என்று சொல்ல வைத்து, அந்த ‘ஸ்’ ஒலியின்போது மேற்பல்லின் விளிம்பு வருகிற இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையில் இருப்பதுதான் அந்த ஆளின் பேச்சு இடைவெளி. அதைக் குறித்து வைத்தால், பல் போன பிறகு கட்டும் செட்டிலும் அதே இடைவெளி வருகிறதா என்று பார்க்கலாம். ஓய்வு அளவு தாடை சும்மா இருக்கும்போது எடுப்பது, இது தாடை வேலை செய்யும்போது எடுப்பது என்று அவர் இரண்டையும் பிரித்துக் காட்டினார். பின்னர் ஏர்ல் பவுண்ட் என்ற இன்னொரு அமெரிக்க வைத்தியர், பல் செட்டை ‘ஸ்’ ஒலியை வழிகாட்டியாக வைத்தே அமைக்கலாம் என்று எழுதினார்.

பல் இருக்கும்போது யாரும் அளந்து வைக்காவிட்டாலும் ‘ஸ்’ பயன்படும். ‘ஸ்’ சொல்லும்போது செட் அடிபட்டால் உயரம் கூட. அந்த நேரத்தில் மிகப் பெரிய வெளி தெரிந்தால் உயரம் குறைவாக இருக்கலாம். இது மட்டும் போதும் என்று யாரும் சொல்வதில்லை. விழுங்கச் சொல்லிப் பார்ப்பார்கள், முகத்தின் தோற்றத்தைப் பார்ப்பார்கள், ஆளிடமும் கேட்பார்கள். எல்லாம் ஒன்றையொன்று சரிபார்ப்பவை.

இனி கிளினிக்குக்கு வருவோம். எங்களுக்கு வாய்த்தது இளம் வயது சிங்கள டொக்டர். பொறுமையான பிள்ளை. தமிழ் அவருக்குக் கொஞ்சம்தான். முதல் இரண்டு தடவையும் அச்சு எடுப்பதில் போயிற்று. மூன்றாவது தடவை, மேலும் கீழும் மெழுகுக் கட்டைகளை மூத்தம்மாவின் வாயில் வைத்தார். பல் வர வேண்டிய இடத்தில் அப்போதைக்கு மெழுகு. மூக்கிலும் நாடியிலும் புள்ளி வைத்தார், அளந்தார், “அம்மா கியன்ன” என்றார். மூத்தம்மா சொன்னார், உதடு சேர்ந்தது. பிறகு, “மிஸிஸிப்பி சொல்லுங்க” என்றார்.

மூத்தம்மா எங்களைப் பார்த்தார். “என்ன புள்ள சொல்லச் சொல்றா?”

“அது ஒரு ஆத்துட பேர் மூத்தம்மா.”

“அந்த ஆறு எங்க இரிக்கி?”

“அமெரிக்காவுல.”

“எனக்கு அங்க என்ன வேல?”

டொக்டருக்கு நாங்கள் சிங்களத்தில் சொன்னதும் அவரும் சிரித்துவிட்டார். புத்தகத்தில் இருக்கிற சொல் அது. ஆங்கிலத்தில் அறுபதிலிருந்து எண்ணச் சொல்வதும் உண்டு, ‘சிக்ஸ்டி சிக்ஸ்’ என்று ஒவ்வொரு எண்ணிலும் ‘ஸ்’ வரும். டொக்டர் சிங்களத்துக்கு மாறினார், “விஸி எக, விஸி தெக” என்று இருபத்தொன்றிலிருந்து எண்ணச் சொன்னார். அதிலும் ஒவ்வொரு எண்ணிலும் ‘ஸி’ இருக்கிறது. மூத்தவாப்பா கடை வைத்திருந்த காலத்தில் பழகிய சிங்களத்தில் மூத்தம்மா எண்ணத்தான் செய்தார். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் யோசித்து, நிறுத்தி, வாயைப் பெரிதாகத் திறந்து, பரீட்சைக்குப் போன பிள்ளை போல எண்ணினார். டொக்டர் தலையை அசைத்தார். யோசிக்காமல், மறந்துபோய்க் கதைக்க வேண்டும், அப்போதுதான் தாடை தன் வழக்கமான இடத்துக்கு வரும் என்று எங்களிடம் விளக்கினார்.

சரி, தமிழில் எண்ணச் சொல்வோம் என்று பார்த்தால் அங்கே ஒரு சங்கடம். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, ஒம்பது, பத்து: ‘ஸ்’ ஒன்றுமே இல்லை. அஞ்சில் வருவது ‘ஞ்ஜு’. அறுபதுக்குப் போனாலும் இல்லை, நூறுக்குப் போனாலும் இல்லை. எண்ணில் ‘ஸ்’ வேண்டுமென்றால் நாம் பூச்சியத்துக்குச் சொல்கிற ‘சைபர்’ ஒன்றுதான். ஆங்கிலப் புத்தகத்தில் படித்த வைத்தியர், ‘உங்கள் மொழியில் எண்ணுங்கள்’ என்று தமிழ் ஆளிடம் சொன்னால், எதைக் கேட்க நினைத்தாரோ அது வராது. பல் சரியாக இருப்பது போலவே கேட்கும்.

நாங்கள் ஆசிரியர் கலாசாலையில் எழுத்துகளின் பிறப்பைப் பாடமாகப் படித்தவர்கள். தரம் மூன்று பிள்ளைகளுக்கு ஒலி வேறுபாடு சொல்லிக் கொடுக்கிறவர்கள். தமிழில் ஒரே ‘ச’ எழுத்து இடத்துக்கு இடம் வேறாக ஒலிக்கிறது. ‘அச்சு’, ‘பச்சை’ என்று இரட்டித்தால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரியும். இரண்டு உயிருக்கு நடுவில் தனியாக வந்தால் ‘ஸ’ ஆகிவிடும்: காசு, பசி, ஊசி, வாசல், தோசை. இது வேண்டிய ஒலி எது, எந்தச் சொல்லில் வரும் என்ற கேள்வி. வாத்திமாருக்கு இதில் வேலை இருக்கிறது.

நாங்கள் மூத்தம்மாவிடம் கேட்டோம்: “மூத்தம்மா, போன மாசம் அரிசிக் காசு எவ்வளவு முடிஞ்ச?”

மாசம், அரிசி, காசு. ஒரே கேள்வியில் மூன்று. அரிசி விலையைப் பற்றி மூத்தம்மாவிடம் கேட்டால் பதில் ஒரு சொல்லில் முடியுமா? போன மாசம் இருந்த விலை, அதற்கு முந்தின மாசம் இருந்த விலை, கடைக்காரன் காசை வாங்கிவிட்டுக் கல்லைக் கலந்தது என்று தொடங்கிவிட்டார். கதிரை, வெளிச்சம், மெழுகு எல்லாம் மறந்து போயிற்று. முதல் ‘காசு’விலேயே மெழுகுக் கட்டைகள் தொட்டுக்கொண்டன. டொக்டர் அவற்றை எடுத்துச் சூடான கத்தியால் கீழ்க் கட்டையைச் சீவினார். மறுபடி போட்டு, மறுபடி அரிசிக் கதை. இன்னும் கொஞ்சம் சீவல். அவருக்கு அரிசிக் கணக்கு விளங்கவில்லை, விளங்கத் தேவையுமில்லை. அவருடைய கண் முன்பக்க வெளியிலும் காது அந்தச் சீறலிலும் இருந்தன. ஒரு கட்டத்தில் கட்டைகள் தொடாமல், சின்ன வெளியோடு, ‘அரிசி’ தெளிவாக வந்தது. மூக்கு நாடிப் புள்ளிகளை அளந்து பார்த்தபோது அந்த அளவும் அதற்கு ஒத்துப்போனது. டொக்டர் தன் கொப்பியை எடுத்து ‘அரிசி, மாசம், காசு’ என்று சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டார்.

நான்காவது தடவை, மெழுகில் பற்களைப் பதித்துக் கொண்டுவந்தார். வெந்து இறுகி முடிவதற்கு முன்னர் மாற்றக்கூடிய கடைசி நிலை இதுதான். இங்கே பார்க்க வேண்டியது மேல் முன்பல்லின் நீளம். ஆங்கிலத்தில் ‘ஃபிஃப்டி ஃபைவ்’ சொல்லச் சொல்வார்கள். ‘ஃப’ ஒலிக்கும்போது மேற்பல்லின் விளிம்பு கீழுதட்டில் ஈரமும் உலர்ந்ததும் சந்திக்கிற கோட்டை மெல்லத் தொட வேண்டும். பல் நீண்டால் உதட்டைக் குத்தும், குறைந்தால் எட்டாது. தமிழ் எழுத்தில் ‘ஃப’ இயல்பாக இல்லை. ஆனால் ‘வ’ இருக்கிறது. மேற்பல்லும் கீழுதடும் கூடுகிற இடத்தில் வகரம் பிறக்கும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்லி வைத்திருக்கிறது. பேச்சு உறுப்புகளைக் கணக்கிடும்போது நாக்கோடும் உதட்டோடும் சேர்த்துப் பல்லையும் அந்த நூல் சொல்கிறது. பரீட்சைக்கு மனனம் செய்த அந்தப் பாடம் ஒரு பல் கிளினிக்கில் எங்களுக்கு உதவும் என்று நினைத்ததே இல்லை.

‘வாப்பா’ என்று சொல்லிப் பாருங்கள். ‘வா’வில் பல் உதட்டை நெருங்குகிறது, ‘ப்பா’வில் இரண்டு உதடும் முழுதாக மூடுகின்றன. ‘உம்மா’, ‘வாப்பா’, ‘காசு’ மூன்றிலும் பல் கட்டுகிறவர் கேட்க வேண்டியதில் பெரும் பகுதி அடங்கிவிடுகிறது.

எங்கள் வாய்களுக்கு ‘ஃப’வும் அந்நியமில்லை. எழுத்தில் பாத்திமா என்று எழுதினாலும் வாய் ஃபாத்திமா என்றுதான் சொல்லும். மூத்தம்மாவிடம் ஓத வருகிற பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டோம். ஃபாத்திமா, ஸஃபியா, நஃபீலா, ருஃபைதா என்று வரிசையாகச் சொன்னார். டொக்டர் உதட்டைப் பார்த்து, இரண்டு முன்பற்களை மட்டும் மெழுகில் கொஞ்சம் மேலே தள்ளினார். பிறகு மூத்தம்மா தானாகவே, “கொஞ்சம் ஓதிப் பாக்கட்டா?” என்று கேட்டார். ஓதினார்.

ஓதல் முறை படித்தவர்களுக்கு இது தெரியும். மூன்று புள்ளி வைத்த ‘ஸா’ நாக்கு நுனி மேல் முன்பற்களின் விளிம்பைத் தொட்டுப் பிறக்க வேண்டும். ஸீன், ஸாத், ஸாய் மூன்றும் சீழ்க்கை ஒலியோடு வருகிற எழுத்துகள் என்றே தஜ்வீதில் தனியாக வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. பல் வைத்தியரும் ஓதிக் கொடுப்பவரும் ஒரே இடத்தைத்தான் வேறு வேறு பெயரில் பார்க்கிறார்கள். நாற்பது வருடம் பிள்ளைகளின் வாயைக் கேட்டுத் திருத்திய காது மூத்தம்மாவுடையது. டொக்டருக்கு முன்னால் அவரே தன் வாயைத் திருத்திக்கொண்டார். “ஸீன் சரி. மத்த ஸா இன்னம் தடிக்கிது” என்றார். டொக்டர் மேல் முன்பற்களுக்குப் பின்னால் இருந்த மெழுகை மெலிதாக்கினார்.

பல் கைக்கு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டோம். முதல் இரண்டு கிழமையும் வாயில் எச்சில் நிறைந்தது, ‘ஸ்’ விசிலடித்தது, கீழ்ச் செட் ஆடியது. அண்ணத்தில் புதிதாக ஒரு தகடு வந்தால் நாக்கு அதைப் பழக நாள் எடுக்கும், தினமும் சத்தமாக வாசித்தால் சீக்கிரம் பழகும் என்று டொக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். முரசு உரசிய இடத்தைத் தேய்த்துக்கொள்ள இரண்டு தடவை போனோம். கச்சான் இன்றைக்கும் சப்ப முடியாது, அந்தக் குறை மூத்தம்மாவுக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ‘டக் டக்’ இல்லை. உதடு மூடுகிறது. விறாந்தையில் பெரிய பிள்ளையை ஓதச் சொல்லிவிட்டுத் தலையாட்டுவது நின்றுவிட்டது. அவரே ஓதிக் காட்டுகிறார், பிள்ளைகள் அவருடைய வாயைப் பார்த்துத் திருப்பிச் சொல்கிறார்கள்.

இதை எல்லாம் யோசிக்கும்போது ஒரு விஷயம் எங்களுக்கு உறைக்கிறது. நமது பெரியவர்கள் டொக்டருக்கு முன்னால் வாய் திறக்காமல் இருப்பதை மரியாதை என்று பழகியவர்கள். கேட்டால் ஓம், கேட்காவிட்டால் மௌனம். மொழியும் வேறு என்றால் அந்த மௌனம் இரட்டிப்பாகிறது. காய்ச்சலுக்கு மருந்தெடுக்கப் போனால் அது அவ்வளவு பாதிக்காது. பல் கட்டுவதில் அது நேராக வாய்க்குள் பாதிக்கிறது. கதைக்காத வாய்க்குக் கட்டிய பல், கதைக்கும்போது அடிபடும்.

ஆகவே உங்கள் வீட்டில் யாருக்காவது பல் கட்டப் போகிறீர்கள் என்றால், எங்கள் அனுபவத்திலிருந்து சில விஷயங்கள்:

1. தகுதி பெற்ற பல் வைத்தியரிடம் போங்கள். முழுப் பல் செட் ஒன்றுக்குப் பொதுவாக நாலைந்து தடவை போக வேண்டிவரும். ஒன்றிரண்டு தடவையில் முடித்துத் தருகிறோம் என்றால் எந்தப் படியை விடுகிறார்கள் என்று கேளுங்கள்.

2. மெழுகில் பல் வைத்துப் பார்க்கும் நாளைத் தவற விடாதீர்கள். அன்றைக்கு மாற்றுவது இலகு. பிறகு மாற்றுவது கஷ்டம்.

3. அன்றைக்குக் கூடப் போகிறவர், அந்தப் பெரியவரோடு அதிகம் கதைக்கிறவராக இருக்கட்டும். வாகனம் ஓட்டத் தெரிந்தவர் மட்டும் போதாது.

4. ‘உம்மா’ அல்லது ‘அம்மா’ சொல்லும்போது உதடுகள் சிரமமில்லாமல் சேர வேண்டும். ‘வாப்பா’, ‘ஃபாத்திமா’ சொல்லும்போது மேற்பல் கீழுதட்டை மெல்லத் தொட வேண்டும், குத்தக்கூடாது. காசு, பசி, அரிசி, மாசம், வாசல், ஊசி, தோசை சொல்லும்போது பல் அடிபடக்கூடாது.

5. சொல்லைத் தனியாகச் சொல்ல வைப்பதை விட, அவருக்கு விருப்பமான ஒரு கதையைக் கேளுங்கள். விலைவாசி, பேரப்பிள்ளை, பழைய வெள்ளம், எதுவும் சரி. ‘ஸ’ தானாக வரும்.

6. புதுப் பல்லில் விசிலும் தடுமாற்றமும் முதல் சில கிழமைகள் இருக்கும், பொறுங்கள். அடிபடும் சத்தமும் உதடு மூடாததும் குறையாமல் இருந்தால் பொறுக்க வேண்டாம், திரும்பப் போங்கள்.

7. இரவில் கழற்றித் தண்ணீரில் போடுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், பல் செட் வளைந்துவிடும். கழுவும்போது கீழே ஒரு பேசினில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், கைதவறி விழுந்தாலும் உடையாது.

8. ஒரு தடவை கட்டினால் ஆயுளுக்கும் போதும் என்று இருக்காதீர்கள். பல் போன பின் தாடை எலும்பு தேய்ந்துகொண்டே போகும். பல் செட் போட்டவர்களை 25 வருடங்கள் தொடர்ந்து பார்த்து டால்கிரென் என்ற ஆய்வாளர் 1972 இல் வெளியிட்ட ஆய்வில், கீழ்த் தாடையின் தேய்வு மேல் தாடையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு என்று கண்டார். நன்றாக இருந்த செட் வருடக் கணக்கில் தளர்ந்து, நாடி ஏறி, பேச்சு மாறத் தொடங்கினால் மறுபடி காட்டுங்கள்.

எங்களைப் போல ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் ஊர்ப் பேச்சில் ‘ம’, ‘வ’, ‘ஸ’, ‘ஃப’ வருகிற பத்துப் பதினைந்து சொற்களையும் இரண்டு மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் சிங்கள எழுத்திலும் எழுதி, உங்கள் ஊர் பல் கிளினிக்கில் கொடுங்கள். எழுத அரை மணித்தியாலம்கூடப் பிடிக்காது. நாங்கள் எங்கள் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்த டொக்டர், கொப்பியில் எழுதியிருந்த மூன்று சொற்களையும் அதற்குப் பிறகு வந்த தமிழ் ஆட்கள் எல்லோரிடமும் கேட்டு வருவதாகச் சொன்னார். அரிசி விலையைக் கேட்டால் எல்லோரும் நன்றாகக் கதைக்கிறார்களாம்.